மாருதி ஜிப்சி கிங்குக்கு 235/75 ஆர்15 டயர் போட்டா கூட வேற என்னெல்லாம் மாத்தோணும்?

ஆனைமலை_இட்டேரி:

வணக்கமுங்க. வண்டி 2004 ஜிப்சி கிங், எம்பிஎஃப்ஐ, சாஃப்ட் டாப். இப்ப கெடக்கறது 205/70 ஆர்15, கம்பெனி இரும்பு ரிம். கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) நாலும் பழசு, பின்பக்கம் நல்லா உட்கார்ந்திருக்குது.

வண்டி ஓடற எடத்தைச் சொல்லிடறேன். கோட்டூர் பக்கம் தோட்டத்துக்கு ரெண்டு கிலோமீட்டர் இட்டேரி. டிராக்டர் போயிப் போயி ரெண்டு பக்கமும் தடம் பள்ளமாகி, நடுமேட்டுல பின் ஹவுசிங் (ஆக்சில் கூடு) உரசுது. வழியில ஒரு பள்ளம் தாண்டோணும், மழைக்காலத்துல தண்ணி ஹப் ஒசரத்துக்கு நிக்கும். மாசம் ரெண்டு தடவை ஆழியார் வழியா வால்பாறை, 40 கொண்டை ஊசி. பின்னால தேங்காயோ தவிட்டு மூட்டையோ 200 கிலோ வரைக்கும் ஏறும்.

கேக்கறது மூணு. 235/75 ஆர்15 பழைய ரிம்முலயே உட்காருமா? நீள ஷாக்கிள் (பட்டையோட நுனியைச் சேஸிஸோட சேக்கற இணைப்பு) போட்டு வண்டியை ஏத்தலாம்ங்கறாங்க, அது சரியா? ஆக்சில், கியர் பக்கம் எதையாவது பலமாக்கணுமா?

லேத்துப்பட்டறை_கணபதி:

கணக்குல இருந்து ஆரம்பிக்கலாமுங்க. 205/70 ஆர்15 டயரோட விட்டம் 668 மில்லி. 235/75 ஆர்15 விட்டம் 733. கிட்டத்தட்ட 10 சதவீதம் பெருசு. ஹவுசிங் தரையில இருந்து ஏறுறது அதுல பாதி, அதாவது 33 மில்லி.

இதுல நெறையப் பேர் ஏமாந்து போற எடம் ஒண்ணு இருக்குது. ஜிப்சிக்கு முன்னும் பின்னும் ரெண்டு சக்கரத்தையும் ஒண்ணாச் சேக்கற முழு ஆக்சில். பட்டையை ஏத்துனா பாடி ஏறும், சேஸிஸ் ஏறும், ஹவுசிங் ஒரு மில்லி கூட ஏறாது. ஹவுசிங் ஏற டயர் ஒண்ணுதான் வழி. உங்க பிரச்சினை ஹவுசிங் உரசறதுன்னா, ஷாக்கிளுக்குக் கொடுக்கற காசு அங்க உதவாதுங்க.

கம்பெனி ரிம் 5.5 இஞ்ச் அகலம். 235/75-க்கு கொறஞ்சது 6 வேணும், 6.5 இல்லைன்னா 7 இருந்தா டயர் சரியா விரியும். 5.5-ல திணிச்சா டயரோட நெத்தி (தரையில படற பாகம்) குவிஞ்சு நடுவுல மட்டும் தேயும். இட்டேரிக்காகக் காத்தை எறக்கினா பீடு (டயரோட உள் விளிம்பு) ரிம்மை விட்டுக் கழறவும் வாய்ப்பு இருக்குது. அதனால 235-ன்னா ரிம்மும் சேர்த்துத்தான் கணக்கு. 215/75 ஆர்15 (703 மில்லி) இதே 5.5 ரிம்முல ஒழுங்கா உட்காரும். ஹவுசிங்குக்கு 18 மில்லி கெடைக்கும்.

புது ரிம் வாங்கினா 5 நட்டு, 139.7 மில்லி பிசிடி (நட்டு வட்டத்தோட விட்டம்). நடு ஓட்டை முன் ஹப்போட ஃப்ரீவீல் (முன்சக்கரத்தை இழுவையோட பூட்டி விடற பாகம்) மேல போகுதான்னு கையில வெச்சுப் பாத்துட்டு வாங்குங்க. வெளிய ரொம்பத் துருத்தற ரிம் வேண்டாம். சக்கரம் வெளிய போகப் போக வீல் பேரிங் மேல வலு கூடும், ஸ்டியரிங் குழியில கையை உதறும்.

இனி கியர். 3.909 கிரவுன் பினியன் (ஆக்சிலுக்குள்ள இருக்கற கடைசி கியர்) 10 சதவீதம் பெரிய டயரோட 3.56 மாதிரி வேலை செய்யும். கொண்டை ஊசி தாண்டி 30-ல மூணாவது கியர் போட்டா இப்ப எஞ்சின் 1870 ஆர்பிஎம்ல இருக்கும். 235 போட்டா 1700. இந்த 1.3 எஞ்சினுக்கு முழு இழுவை 4500-ல தான் வருது, 1700-ல ஒண்ணும் இருக்காது. ஆழியார்ல இருந்து மேல வரைக்கும் ரெண்டாவதுல உறுமிக்கிட்டே ஏறோணும். எறங்கும்போதும் எஞ்சின் பிடிப்பு அதே 10 சதவீதம் கொறையும், அந்த மிச்சத்தை பிரேக்குதான் தாங்கோணும்.

டயர் பெருசானா பிரேக்குக்கும் அதே விகிதத்துல வேலை கூடுது. டயர் ஒவ்வொண்ணும் மூணு நாலு கிலோ கனம் வேற கூடும். புது பேட், டிரம்முல லைனிங் பாத்து அட்ஜஸ்ட், பழைய பிரேக் ஆயிலை முழுசா எறக்கிட்டுப் புதுசு. இது மூணும் முடியாம பெரிய டயரோட வால்பாறை எறங்காதீங்க.

ஸ்பீடோமீட்டரும் கொறச்சுத்தான் காட்டும். 60 காட்டும்போது வண்டி 66-ல போகும். கிலோமீட்டரும் அப்படியே, மீட்டர்ல 5000-ன்னா நெசத்துல 5500 ஓடியிருக்கும். ஆயில் மாத்தற கணக்கை அதுக்குத் தகுந்த மாதிரி முன்னாடி கொண்டாந்துக்குங்க.

கமான்_பட்டை_சங்ககிரி:

டயர் கணக்கை மேல அண்ணன் முழுசாச் சொல்லிட்டாரு. ஷாக்கிள் பத்தி நான் சொல்றேன்.

ரெண்டு இஞ்ச் நீள ஷாக்கிள் போட்டா வண்டி ஏறுறது ஒரு இஞ்ச்தான். மறுமுனை அதே எடத்துல இருக்கறதால பாதிதான் வரும். ஆனா முன்பக்கம் போட்டா ஆக்சில் முன்னால சாஞ்சு காஸ்டர் (ஸ்டியரிங் அச்சோட பின்சாய்வு) கொறஞ்சுரும். வளைவு திரும்புனதுக்கப்புறம் ஸ்டியரிங் தானா நேரா வராது. 60-க்கு மேல ஒரு குழியில விட்டீங்கன்னா ரெண்டு முன்சக்கரமும் படபடன்னு ஆட ஆரம்பிச்சு, வண்டியை நிறுத்தற வரைக்கும் நிக்காது. பட்டைக்கும் ஆக்சிலுக்கும் நடுவுல ஆப்பு மாதிரி ரெண்டு மூணு டிகிரி சாய்வு தகடு வெச்சு சரி பண்ணலாம். அதை விட ஷாக்கிளை அப்படியே விட்டுட்டு பட்டையைப் புதுசாக்கறதுதான் மேலுங்க.

பழைய பட்டையைக் கழட்டி அடிச்சு வளைவு ஏத்தறது சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரிக்கு தினம் நடக்கற வேலை. ஜிப்சி மாதிரி மெல்லிசுப் பட்டைக்கு அந்த வளைவு நிக்காது, லோடு ஏத்தினா கொஞ்ச நாள்ல மறுபடியும் உட்கார்ந்துக்கும். 200 கிலோ அடிக்கடி ஏறும்னா பின்னால புது செட் போடுங்க. பட்டையில கூடுதலா ஒரு எலை (அடுக்கு) சேர்க்கறது கடைசி வழி. வெறும் வண்டியில இட்டேரியில போனா முதுகு போயிரும், சக்கரம் தரையை விட்டுக் குதிக்கறதால பிடிப்பும் கொறையும்.

மாட்டும்போது மூணு விஷயம். யூ போல்ட் பழசைத் திரும்பப் போடாதீங்க. ஒருக்கா இழுத்து முறுக்கின போல்ட் நீண்டிருக்கும், மறுபடி முறுக்கினா பிடி நிக்காது. நாலு நட்டையும் குறுக்கு மறுக்கா கொஞ்சம் கொஞ்சமா முறுக்கிட்டு, 100 கிலோமீட்டர்ல ஒரு தடவை, 500-ல இன்னொரு தடவை இறுக்கிப் பாருங்க. யூ போல்ட் தளர்ந்தா சென்டர் போல்ட் தனியா அடி வாங்கி வெட்டிக்கும், ஆக்சில் பட்டையில நகந்துரும்.

கண்ணு புஷ், ஷாக்கிள் புஷ் போல்ட்டை ஜாக்கியில வண்டி தொங்கும்போது முழுசா முறுக்கக் கூடாது. வண்டியை எறக்கி, நாலு சக்கரமும் தரையில நின்னு, ரெண்டு தடவை பாடியை அமுக்கி ஆட்டி விட்டதுக்கப்புறம் முறுக்குங்க. தொங்கும்போதே இறுக்கினா ரப்பர் எப்பவும் முறுக்கிக்கிட்டே இருந்து கிழிஞ்சுரும். புது புஷ் சீக்கிரமே நாசமாகறதுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

மூணாவது பிரேக் ஹோஸ். வண்டி ஒசந்தா ஒரு சக்கரம் முழுசாத் தொங்கற மாதிரி ஜாக்கி குடுத்து, ஹோஸ் விரைப்பா நிக்குதான்னு பாருங்க. விரைச்சா நீளமானது போடுங்க. அதே நேரத்துல ஷாக் அப்சார்பர் முழுசா நீண்டு நிக்குதான்னும் பாத்துக்கலாம்.

டயர் மாத்தறதுக்கு முன்னாடி முன்பக்கத்தைக் கட்டாயம் சோதிக்கோணும். சக்கரத்தைத் தூக்கி, மேலயும் கீழயும் புடிச்சு உள்ளுக்கும் வெளிக்கும் ஆட்டுங்க. ஆட்டம் தெரிஞ்சா ஒருத்தரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிட்டு மறுபடி ஆட்டுங்க. ஆட்டம் நின்னா வீல் பேரிங், நிக்கலைன்னா கிங் பின் (சக்கரம் திரும்பற அச்சு) பேரிங். கிங் பின் ஆட்டத்தோட பெரிய டயர் போட்டா அந்தப் படபடப்பு ஷாக்கிள் மாத்தாமயே வரும். ஸ்டியரிங் டேம்பர் போட்டா ஆட்டம் மறையும், தேய்மானம் அப்படியேதான் இருக்கும்.

4எல்_திம்பம்:

235-க்குப் போறதுன்னே முடிவு பண்ணினா, டிரான்ஸ்ஃபர் கேஸ்ல (இழுவையை முன், பின் ஆக்சிலுக்குப் பிரிக்கற கியர்பெட்டி) கியர் மாத்தறதுதான் சரியான வழிங்க. ஜிப்சி கிங்ல ஹை 1.409, லோ 2.268. 4.16 லோ கியர் செட் போட்டா லோ 4.16 ஆகி அதுல வேகம் கொறையறதோட, ஹையிலயும் வேகம் 12 சதவீதம் கொறையும். டயர்ல போன 10 சதவீதம் ரோட்டுலயே திரும்ப வந்துரும், வால்பாறைக்கு மூணாவது கியர் மறுபடி உதவும்.

இட்டேரியில இதோட பலன் இன்னும் பெருசு. ஆக்சிலரேட்டர் மிதிக்காம, 850 ஆர்பிஎம்ல, முதல் கியர் 4எல்ல (நாலு சக்கர இழுவை, லோ) இப்ப வண்டி மணிக்கு 3.3 கிலோமீட்டர் போகும். 235 மட்டும் போட்டா 3.6. 4.16 செட்டோட 2 தான். கல்லு மேல சக்கரம் ஏறி எறங்கற வரைக்கும் கிளட்சைத் தொட வேண்டாம்.

கிரவுன் பினியனை மாத்தறவங்களும் உண்டு. அப்படின்னா முன்னும் பின்னும் ரெண்டையும் ஒரே விகிதத்துக்கு மாத்தோணும். பின்னால மட்டும் மாத்திட்டு 4எச் (நாலு சக்கர இழுவை, ஹை) போட்டா ரெண்டு ஆக்சிலும் ஒண்ணை ஒண்ணு முறுக்கி எதையாவது ஒடைச்சுரும்.

இழுவை கூடினா அடுத்து அடி வாங்கறது டிரான்ஸ்ஃபர் கேஸைத் தாங்கற மூணு ரப்பர். கிளட்சை விடும்போது கீழ டொக்குன்னு ஒரு சத்தம் வந்தா ரப்பர் கிழிஞ்சிருக்குதுன்னு அர்த்தம். அதையும் கியர்பாக்ஸ்ல இருந்து வர்ற குட்டை புரொப்பல்லர் ஷாஃப்டோட கிராஸையும் ஒண்ணா மாத்திக்குங்க.

முன் ஆக்சில்ல பலவீனமான எடம் நக்கிளுக்குள்ள (முன்சக்கரம் திரும்பற மூட்டு) இருக்கற சிவி ஜாயின்ட். அது ஒடையறது எப்பவும் ஒரே மாதிரிதான். ஸ்டியரிங் முழுசா ஒடிச்சிருக்கும், 4எல்ல இருக்கும், டயர் ஒரு கல்லுல மாட்டி நிக்கும், ஓட்டறவர் ஆக்சிலரேட்டரை மிதிப்பார். படக்குன்னு ஒரு சத்தத்தோட முன் இழுவை போயிரும். முழு ஒடிப்புல மிதிக்காதீங்க, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் நேராக்கிட்டு மிதிங்க. இந்தப் பழக்கம் இருந்தா 235-க்கு கம்பெனி ஜாயின்ட்டே போதும்.

நக்கிள் உருண்டையைத் தொடச்சுப் பாருங்க. கெட்டியான கிரீஸ் மெல்லிசாப் படிஞ்சிருந்தா சரி. கருப்பா, தண்ணியா ஒழுகினா ஹவுசிங் ஆயில் உள் சீலைத் தாண்டி வந்து கிரீஸைக் கரைக்குதுன்னு அர்த்தம். நக்கிளைப் பிரிச்சு சீல் மாத்தி, மாலி கிரீஸ் புதுசா வெக்கோணும். கிங் பின் பேரிங் வேலையும் அப்பவே முடிச்சுட்டா கூலி ஒரு தடவைதான்.

பின் டிஃப்ரென்ஷியலை வெல்டு வெச்சுப் பூட்டிக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. கொண்டை ஊசியில உள் சக்கரமும் வெளிச் சக்கரமும் ஒரே வேகத்துல சுத்தியாகணும்னா வண்டி நேராத் தள்ளும், பின் ஷாஃப்ட் முறியும்.

ஆனைமலை_இட்டேரி:

ரொம்ப நன்றிங்க. அப்படின்னா இப்போதைக்கு 215/75, பழைய ரிம்மு, பின்னால புதுப் பட்டை, முன் நக்கிள் வேலை. நடுமேட்டை மம்முட்டி வெச்சு வெட்டி ரெண்டு தடத்துலயும் கொட்டிக்கலாம், 18 மில்லி போக மிச்சம் அதுல வந்துரும். மூணு சந்தேகம். பள்ளத்துல தண்ணி தாண்டறதுக்கு ஆக்சில்ல ஏதாவது பண்ணணுமா? காத்து எவ்வளவு வெக்கறது? ஆர்டிஓ பக்கம் தொந்தரவு வருமா?

லேத்துப்பட்டறை_கணபதி:

215 நல்ல முடிவுங்க. 5 சதவீதந்தான் பெருசு, கியரைத் தொட வேண்டாம். 4.16 செட்டை வேணும்னா பின்னாடி எப்ப வேணாலும் போடலாம். டயர் மட்டும் அஞ்சா வாங்குங்க. நாலு பெருசு, ஸ்டெப்னி சின்னதுன்னு வெச்சுட்டு, பஞ்சராகி ஸ்டெப்னி மாட்டின நேரத்துல 4எச் போட்டா ஆக்சில் முறுக்கிக்கும்.

தண்ணிக்கு பாக்க வேண்டியது பிரீதர் (ஹவுசிங்குக்குள்ள காத்து போயி வர்ற ஓட்டை). ஓடி வந்த ஹவுசிங் சூடா இருக்கும். பள்ளத்துல எறங்கினதும் குளிர்ந்து உள்ள இருக்கற காத்து சுருங்கும். மேல இருக்கற பிரீதர் சேறடைச்சுக் கெடந்தா ஆக்சில் சீல் வழியாத் தண்ணியை உறிஞ்சும். ரெண்டு ஹவுசிங்குலயும் பிரீதரைக் கழட்டி நிப்பிள் வெச்சு, ஆயில் தாங்கற ரப்பர் டியூபை எஞ்சின் அறைக்குள்ள ஒசரமான எடம் வரைக்கும் கொண்டு போயி கிளிப் போடுங்க. ஆக்சில் ஏறி எறங்கற அளவுக்கு டியூப் தொய்வா இருக்கோணும். மழை முடிஞ்சதும் அடி பிளக்கை லேசாத் தளர்த்திப் பாருங்க. ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தா தண்ணி போயிருக்குது. முழுசா எறக்கிட்டு ஜிஎல்-5 80டபிள்யூ-90 ஊத்துங்க, பக்கவாட்டு ஓட்டையில வழியற வரைக்கும்.

காத்து 24-ல இருந்து 26 பிஎஸ்ஐ-ல ஆரம்பிங்க. டயர் நெத்தியில குறுக்கால சாக்பீஸ்ல தடிமனா ஒரு கோடு போட்டு, நேரான தார் ரோட்டுல நூறு மீட்டர் ஓட்டிப் பாருங்க. நடுவுல மட்டும் அழிஞ்சா காத்து அதிகம், ரெண்டு ஓரம் மட்டும் அழிஞ்சா கம்மி. மூட்டை ஏத்தற நாள்ல பின்னால நாலு அஞ்சு கூட்டிக்குங்க. இட்டேரியில ரொம்ப எறக்காதீங்க. காத்து கொறைஞ்சா டயர் பக்கம் பிதுங்கும், வேலி ஓரத்து வேலமுள்ளு சரியா அங்கதான் ஏறும். பக்கவாட்டுல குத்தினதுக்கு ஒட்டு நிக்காது.

சட்டம் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. கம்பெனி கொடுத்த அமைப்புக்கும் ஆர்சி புத்தகத்துக்கும் மாறா வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை இறுக்கமாத்தான் சொல்லியிருக்குது. அதே வருஷத் திருத்தத்துல வந்த 182ஏ படி அனுமதியில்லாத மாத்தம் ஒவ்வொண்ணுக்கும் 5000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்லைன்னா ரெண்டும். துருத்தற ரிம், ஒசத்தின பாடி, வெட்டின மட்கார்டு எல்லாம் தூரத்துல இருந்தே தெரியும். கம்பெனி ரிம்முல 215 அந்த மாதிரி நிக்காதுன்னாலும், எஃப்சி புதுப்பிக்கறதுக்கு முன்னாடி உங்க பொள்ளாச்சி ஆர்டிஓ ஆபீஸ்ல டயர் அளவைச் சொல்லிக் கேட்டுக்குங்க. பழைய 205 செட்டையும் அதுவரைக்கும் வித்துராதீங்க.