1638இல் கப்பலேறி வந்த 'அவர் மனைவி' யார்? பிறந்த வீட்டைக் கண்டுபிடிக்க வழி சொல்லுங்கள்

திருவையாற்றுக்காரர்:

எல்லோருக்கும் வணக்கம். என் மகளைக் கொடுத்திருப்பது அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில். மாப்பிள்ளை அந்த ஊர்க்காரர்தான். அவருடைய அம்மா, அதாவது என் சம்பந்தி அம்மாவுக்கு 78 வயது. போன வருஷம் நான் அங்கே போயிருந்தபோது ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிவந்து என் முன்னால் வைத்தார். நான் 40 வருஷம் பத்திரம் எழுதியவன், பழைய கையெழுத்துகளைப் படித்துப் பழகியவன் என்று மகள் சொல்லியிருக்கிறாள் போல. அவருக்குக் கண்பார்வை மங்கிவிட்டது, தான் பாதியில் விட்ட வேலையை யாராவது முடிக்கவேண்டும் என்று ரொம்ப ஆசைப்படுகிறார்.

விஷயம் இதுதான். அவர்களுடைய மூதாதையர் இங்கிலாந்தில் நார்ஃபோக் பகுதி ஹிங்ஹம் என்ற ஊரிலிருந்து 1638இல் 'டிலிஜென்ட்' என்ற கப்பலில் வந்திருக்கிறார்கள். பியூரிட்டன் கிறிஸ்தவர்கள், அதாவது சர்ச் சடங்குகளைக் குறைக்கவேண்டும் என்ற கண்டிப்பான பிரிவினர். வந்து இறங்கிய இடத்துக்கும் ஹிங்ஹம் என்றே பெயர். ஆணின் பெயர் தெளிவாக இருக்கிறது, நிலம் வாங்கியது, உயில் எழுதியது எல்லாம் இருக்கிறது. ஆனால் கப்பல் பட்டியலில் அந்தப் பெண்ணைப் பற்றி இருப்பது 'அவர் மனைவி' என்ற ஒரே ஒரு வார்த்தை. பிற்காலத்தில் விதவையாக இறந்தபோது முதல் பெயர் மட்டும் வருகிறது. யார் வீட்டுப் பெண், எந்த ஊர், எதுவும் இல்லை.

பேத்திக்கு ஏழு வயது. என் பக்கத்து வம்சத்தை ஐந்து தலைமுறைக்கு எழுதி வைத்துவிட்டேன். என் பாட்டியின் பிறந்த வீட்டை அவர்களுக்கு வந்த மஞ்சள்காணி (கல்யாணத்தில் பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கொடுக்கும் நிலம்) பத்திரத்தை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். அதில் அப்பா பெயர், ஊர், வாய்க்கால் பெயர் வரை இருந்தது. அந்தப் பக்கத்துக்கும் அப்படி ஏதாவது கிடைக்காதா? அமெரிக்க ஹிங்ஹம் சர்ச் ஏடுகளின் நகலில் கல்யாணப் பதிவைத் தேடித்தேடி ஓய்ந்துவிட்டேன். பெட்டியில் தட்டச்சு செய்த ஒரு வம்சாவளியும் இருக்கிறது, அதில் அந்தப் பெண் ஒரு பிரபுவின் மகள் என்று போட்டுக் குலச்சின்னமெல்லாம் வரைந்திருக்கிறது. அதை நம்பலாமா?

மன்னார்குடி (இப்போது பாஸ்டன்):

ஐயா, நான் இங்கே இருபது வருஷமாக இருக்கிறேன், இந்தத் தேடலில் எனக்கும் பைத்தியம் உண்டு. முதலில் கல்யாண விஷயம். கப்பலேறும்போதே மனைவி என்றால் கல்யாணம் இங்கிலாந்தில் நடந்திருக்கிறது, இந்தக் கரையில் தேடுவது வீண். இன்னொன்று, இங்கே வந்த பியூரிட்டன்கள் கல்யாணத்தைச் சர்ச் சடங்காகவே வைத்துக்கொள்ளவில்லை. 1686 வரைக்கும் மாஜிஸ்திரேட் முன்னால்தான் நடந்தது. அதனால் அவர்கள் பெண் பிள்ளைகளின் கல்யாணத்தைக்கூட சர்ச் ஏட்டில் பார்க்காதீர்கள், ஊர்ப் பதிவிலும் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) பதிவிலும் பாருங்கள்.

நீங்கள் பார்த்த பட்டியல் ஹிங்ஹம் ஊர் எழுத்தராக இருந்த டேனியல் குஷிங் எழுதியது. அவரே அந்தக் கப்பலில் வந்தவர். 133 பேர் வந்த கப்பல் அது, ஆனால் அதில் பெயரோடு இருப்பவர்கள் பெரும்பாலும் குடும்பத் தலைவர்கள்தான். மனைவி, இரண்டு பிள்ளை, ஒரு வேலைக்காரர் என்று எண்ணிக்கையாக எழுதிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் மனசு கஷ்டப்படும். பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு, அதாவது கோயிலில் ஆடிய பெண்களுக்கு, எந்தத் தெரு, எத்தனையாவது வீடு, என்ன பெயர், எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று வெட்டி வைத்திருக்கிறான். அதற்கு 600 வருஷம் கழித்து வந்த பட்டியலில் இந்தப் பெண்களுக்குப் பெயர் இல்லை.

சரி, வழிக்கு வருகிறேன். நீங்கள் மஞ்சள்காணி சொன்னீர்களே, அதற்குச் சமமானது அந்தப் பெண்ணின் அப்பா இங்கிலாந்தில் எழுதிய உயில். 'இப்போது நியூ இங்கிலாந்தில் இருக்கும் என் மகளுக்கு இவ்வளவு பவுண்ட்' என்கிற மாதிரி வரிகள் அந்தக் கால உயில்களில் வருகின்றன. பலருடைய பூர்வீகம் அப்படித்தான் தெரியவந்தது. இந்தக் கரையில் பார்க்கவேண்டியது நில விற்பனைப் பத்திரங்கள். புருஷன் சொத்தில் விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு அனுபவ உரிமை உண்டு என்பதால் விற்கும்போது மனைவியின் சம்மதத்தையும் வாங்கிக்கொள்வார்கள், அங்கே பெயர் வரும். ஹிங்ஹம் 1803இல்தான் பிளிமத் கவுண்டிக்குப் போனது. அதற்கு முந்தைய பத்திரங்கள் பாஸ்டனில், சஃபோக் கவுண்டிக் கணக்கில் இருக்கும். நாகப்பட்டினம் 1991இல் தனி மாவட்டம் ஆன பிறகும் பழைய காகிதத்துக்குத் தஞ்சாவூர் போகிறோமே, அதே கதை.

1845இல் தொடங்கிய ஒரு வம்சாவளிச் சங்கம் பாஸ்டனில் இருக்கிறது, நூலகமும் உண்டு. சனிக்கிழமை போய்ப் பார்க்கிறேன். ஆண் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், இங்கே போடவேண்டாம்.

தரங்கம்பாடி டீச்சர்:

அண்ணா, எங்கள் குடும்பம் புது எருசலேம் ஆலயத்தைச் சேர்ந்தது. 1718இல் சீகன்பால்கு கட்டிய ஆலயம். எங்கள் வம்சத்தை ஞானஸ்நான ஏடுகளை வைத்துத்தான் எடுத்தேன். ஞானஸ்நானத்தில் குழந்தைக்காக நிற்கும் ஞானப் பெற்றோர் யார் என்று பார்த்தால் பெண்ணின் பிறந்த வீடு பாதி தெரிந்துவிடும், தாய்மாமனோ சித்தியோதான் நின்றிருப்பார்கள். ஆனால் பியூரிட்டன்கள் ஞானப் பெற்றோர் வழக்கத்தையே ஒதுக்கிவிட்டார்கள். அந்த வழி உங்களுக்கு அடைபட்டது. இங்கிலாந்தில் பிறந்தபோது மட்டும் அவர்கள் பெயர் ஊர்க்கோயில் ஏட்டில் ஏறியிருக்கும். 1538இலிருந்தே ஒவ்வொரு ஊர்க்கோயிலும் ஏடு வைக்கவேண்டும் என்று அங்கே உத்தரவு.

தேதி விஷயத்தில் ஜாக்கிரதை. 1752 வரை இங்கிலீஷ்காரர்களுக்குப் புது வருஷம் மார்ச் 25இல்தான் பிறந்தது. 1637 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் 1638. பங்குனியில் பிறந்த பிள்ளைக்குப் பழைய வருஷப் பெயரையே ஜாதகத்தில் போடுகிறோம் அல்லவா, அப்படி வைத்துக்கொள்ளுங்கள். பியூரிட்டன்கள் மாதப் பெயர்களையும் பொய்த் தெய்வங்களின் பெயர் என்று விட்டுவிட்டு எண்ணால் எழுதுவார்கள், முதல் மாதம் என்றால் மார்ச். இது தெரியாமல் நான் ஒரு குழந்தையை அதன் அம்மா அப்பா கல்யாணத்துக்கு முன்னாலேயே பிறக்க வைத்திருக்கிறேன்.

உறவுமுறைச் சொற்கள் இன்னும் மோசம். நமக்கு அத்தை வேறு, சித்தி வேறு, கொழுந்தனார் வேறு. அவர்கள் 'கசின்' என்று எழுதினால் அண்ணன் மகனாகவும் இருக்கலாம். 'சன் இன் லா' என்றால் இன்று மருமகன். அன்றைக்கு மனைவியின் முதல் கல்யாணத்துப் பிள்ளையையும் அப்படித்தான் எழுதினார்கள். உயிலைப் படிக்கும்போது இதை மறக்காதீர்கள்.

நன்னிலம்:

பிரபு மகள் கதையைத் தூர வையுங்கள் ஐயா. குஸ்டாவ் அஞ்சு என்று ஒருவர், 1942இல் இறந்தார், பணம் வாங்கிக்கொண்டு அமெரிக்கக் குடும்பங்களுக்குப் பொய் வம்சாவளி தயாரித்துக் கொடுத்தவர். கேட்டவர்களுக்கெல்லாம் ராஜ பரம்பரை. உங்கள் பெட்டியில் இருப்பது அவருடையதா என்பதற்கு யார் தட்டச்சு செய்தது என்று பாருங்கள். சான்று எதுவும் சொல்லாமல் சின்னம் மட்டும் இருந்தால் எவருடையதாக இருந்தாலும் ஒன்றுதான். ஹிங்ஹத்திலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் நெசவு, தச்சு, விவசாயம் பார்த்தவர்கள். ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கனின் முன்னோர் சாமுவேல் லிங்கன் அதே ஹிங்ஹத்திலிருந்து 1637இல் நெசவுக்காரரிடம் வேலைபழகும் பையனாக வந்தவர். அதில் என்ன குறைச்சல்? நார்விச் பிஷப் மேத்யூ ரென் கெடுபிடி தாங்காமல் பாதிரியார் ராபர்ட் பெக்கோடு ஊரே கிளம்பி வந்தது, அதுவே பேத்திக்குச் சொல்லத் தகுந்த கதைதான்.

திருவையாற்றுக்காரர்:

எல்லோருக்கும் நன்றி, எப்படிச் சொல்வதென்றே தெரியவில்லை. டீச்சர் எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு அந்தப் புருஷன் எழுதிய உயிலின் நகலை மறுபடி எடுத்தேன். வீடு, பசு, படுக்கை எல்லாம் பங்கு பிரித்த பிறகு கடைசியில் ஒரு 'சன் இன் லா'வுக்கு ஒரு கோட்டும் கொஞ்சம் கருவிகளும் என்று இருக்கிறது. இதை நான் மருமகன் என்று எடுத்துக்கொண்டு, எந்த மகளைக் கட்டியவர் என்று தேடிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த உயிலிலேயே மூன்று பெண்களும் கல்யாணம் ஆகாதவர்கள் என்று எழுதியிருக்கிறது! ஆக இந்தப் பையன் அந்த அம்மாவின் முதல் கல்யாணத்துப் பிள்ளை. அவர் கப்பலேறுவதற்கு முன்பே ஒருமுறை விதவையானவர். பையனின் குடும்பப் பெயர் வேறு, அது அந்த அம்மாவின் முதல் புருஷன் பெயராகத்தான் இருக்கவேண்டும்.

இனி அந்தப் பெயரில் ஒரு விதவையின் மறுமணம் நார்ஃபோக் ஏடுகளில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், சரிதானே? ஊர் ஏடு கிழிந்தோ காணாமலோ போயிருந்தால் என்ன செய்வது?

தரங்கம்பாடி டீச்சர்:

சரிதான் அண்ணா. ஒவ்வொரு ஊர்க்கோயிலும் வருஷத்துக்கு ஒருமுறை ஏட்டின் நகலை பிஷப்புக்கு அனுப்பவேண்டும் என்று 1598 வாக்கிலேயே விதி வந்துவிட்டது. ஏடு போனாலும் நகல் தப்பியிருக்கும். நார்விச்சில் இருக்கும் நார்ஃபோக் ஆவணக் காப்பகத்துக்கு எழுதுங்கள். விதவை மறுமணம் செய்யும்போது முதல் புருஷன் பெயரில்தான் பதிவாகியிருக்கும், அதனால் இரண்டு படி ஏறவேண்டும்: முதலில் மறுமணம், பிறகு முதல் கல்யாணம். அந்த முதல் கல்யாணப் பதிவில்தான் பிறந்த வீட்டுப் பெயர் இருக்கும்.

மன்னார்குடி (இப்போது பாஸ்டன்):

அந்தப் பையன் 1638இல் எத்தனை வயது என்று பார்த்தால் முதல் கல்யாணம் எந்த வருஷத்தை ஒட்டி என்று தெரிந்துவிடும். அவன் நிலம் வாங்கியிருக்கிறானா என்று சனிக்கிழமை சஃபோக் பத்திரங்களில் பார்த்துச் சொல்கிறேன். சம்பந்தி அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள் ஐயா, காத்திருக்க வைக்காதீர்கள்.

திருவையாற்றுக்காரர்:

சொல்லிவிட்டேன் தம்பி. போனில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் அந்தப் பையன் பெயர் என்ன என்று மூன்று தடவை கேட்டு, பேத்தியை விட்டுப் பெரிய எழுத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்.