மொய்விருந்து வைத்துக் கல்யாணச் செலவைச் சமாளிக்கலாமா? அப்பா சரி என்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது

கேள்வி: ஆலங்குடிப் பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு வயது 26. ஊர் ஆலங்குடிக்கும் கீரமங்கலத்துக்கும் நடுவில். நான்கு வருடமாக ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். பிடித்தம் எல்லாம் போகக் கைக்கு வருவது 18,200. வீட்டுக்கு 6,000 அனுப்புகிறேன். அப்பா கொத்தனார், தம்பி பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம்.

வரும் தை மாதம் எனக்குக் கல்யாணம் பேசியிருக்கிறார்கள். மாப்பிள்ளை பட்டுக்கோட்டை பக்கம், டிப்பர் லாரி ஓட்டுகிறார். அவர்கள் வீட்டில் எதுவும் கேட்கவில்லை. "உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதைச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். கேட்டிருந்தால்கூட ஒரு தொகை தெரிந்திருக்கும்.

அப்பா பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் கணக்கு எழுதி வைத்திருக்கிறார். மண்டபமும் மேடையும் ஒரு லட்சம், சாப்பாடு 1,80,000, நகை இரண்டு லட்சம், சீர்ச் சாமான் 80,000, துணிமணி 40,000. ஆக ஆறு லட்சம். தாலி இதில் இல்லை, அது மாப்பிள்ளை வீட்டுக் கணக்கு.

என்னிடம் இருப்பது: 2022 அக்டோபரில் தொடங்கிய போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி., மாதம் 4,000. தை வரும்போது 2,08,000 கட்டியிருப்பேன், ஆனால் ஐந்து வருடம் முடிந்திருக்காது. மூன்று சவரன் நகை, அதில் ஒன்றேகால் அம்மாச்சி கொடுத்த சங்கிலி. நகைச்சீட்டு மாதம் 3,000, ஏழு மாதம் கட்டியாயிற்று. சவரன் லட்சத்தைத் தாண்டி நிற்கும்போது பதினோரு மாதமும் கட்டி முடித்தாலும் ஒரு சின்ன ஜோடித் தோடுதான் வரும்.

மீதிக்கு அப்பாவின் யோசனை, ஆடியில் மொய்விருந்து. சித்தப்பாவும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து வைக்கப் போகிறார்களாம், நாமும் சேர்ந்துகொள்ளலாம், ஐந்து லட்சம் எழுதும் என்கிறார். குறைந்தால் தெரிந்தவரிடம் மூணு வட்டிக்கு வாங்கலாமாம்.

வெளியூர்க்காரர்களுக்காக: எங்கள் பக்கம் விசேஷம் எதுவும் இல்லாமலேயே பந்தல் போட்டு, கிடாக்கறி விருந்து வைத்து, மொய் வாங்குவது உண்டு. ஒரு குடும்பம் ஏறக்குறைய ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வைக்கும். வாங்கியதைத் திருப்பிச் செய்ய வேண்டும், அதுவும் கொஞ்சம் கூடுதலாக. நாங்கள் கடைசியாக வைத்தது 2019 ஆவணி. கஜா புயலுக்கு அடுத்த வருடம், தென்னையெல்லாம் சாய்ந்து கிடந்த நேரம். 3,40,000 வந்தது. அந்தப் பணத்தில்தான் வீட்டுக்குத் தளம் போட்டோம்.

நான் கல்யாணமாகிப் போய்விடுவேன். திருப்பிச் செய்வது அப்பாவும் தம்பியும். அதுதான் உறுத்துகிறது. யாராவது அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில்: தாம்பரம் சுரேஷ்

இவ்வளவு கஷ்டம் எதுக்குங்க? ரெஜிஸ்டர் மேரேஜ் பண்ணுங்க, சேர்த்த காசை அப்படியே வச்சுக்குங்க. இல்லனா பர்சனல் லோன். சம்பளக் கணக்கு இருந்தா உடனே கிடைக்கும்.

பதில்: அஞ்சலகக் கணக்கர்

தம்பி சுரேஷுக்கு ஊர்ப்பக்கம் கல்யாண வயசில் தங்கச்சி யாரும் இல்லை போலிருக்கிறது. சரி, அதை விடுங்கள்.

ஆர்.டி. பற்றி மட்டும் சொல்கிறேன், எனக்குத் தெரிந்தது அதுதான். உங்கள் கணக்கு தொடங்கிய காலத்து வட்டி 5.8 சதவீதம். மூன்று வருடம் தாண்டிவிட்டதால் இடையில் முடிக்கலாம். ஆனால் சேமிப்புக் கணக்கு வட்டியான 4 சதவீதம்தான் போடுவார்கள். தை மாதம் முடித்தால் உங்களுக்கு நஷ்டம் ஏறக்குறைய பத்தாயிரம் வரும். கணக்கில் இருப்பதில் பாதிவரை கடன் வாங்கவும் வழி உண்டு, அதற்கு ஆர்.டி. வட்டியைவிட 2 சதவீதம் கூடுதல். ஒரு லட்சம் போதும் என்றால் கடனாக வாங்குங்கள். முழுசும் வேண்டுமென்றால் யோசிக்காமல் உடைத்துவிடுங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், "ஆர்.டி.யை உடைத்தால் வட்டி போய்விடும்" என்று பயந்து வெளியில் வாங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மூணு வட்டிக்கு இரண்டு லட்சம் வாங்கினால் மாதம் ஆறாயிரம். பத்தாயிரம் ஒரே ஒருமுறை போவது, ஆறாயிரம் மாதாமாதம் போவது. நீங்களே பாருங்கள்.

பி.எஃப். உங்களுக்குப் பிடிக்கிறார்கள்தானே? கல்யாணத்துக்கு எடுக்க முன்பு ஏழு வருட சர்வீஸ் கேட்டார்கள். 2025 அக்டோபரில் பன்னிரண்டு மாதம் போதும் என்று பி.எஃப். வாரியம் முடிவெடுத்தது. உங்கள் யு.ஏ.என். (பி.எஃப். எண்) கணக்குக்குள் போய் இப்போது எவ்வளவு எடுக்க விடுகிறது என்று பாருங்கள். ஆதாரில் உள்ள பேரும் அதில் உள்ள பேரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்பதை இன்றைக்கே பாருங்கள். தை பிறந்த பிறகு பார்த்தால் ஆகாது.

பதில்: மொய் எழுத்துக்காரர், பேராவூரணி

தாயி, நான் முப்பது வருசமா மொய்ப் பந்தலில் நோட்டு எழுதுகிறவன். இப்போது கம்ப்யூட்டர் வந்து ரசீது அடித்துக் கொடுக்கிறது. ஆனாலும் என்னைக் கூப்பிட்டுப் பையன்கள் பக்கத்தில் உட்கார வைக்கிறார்கள். ஒரே ஊரில் ஆறு முருகேசன் இருப்பான். எந்த முருகேசன், கொல்லைக்காட்டு வீட்டு முருகேசனா, மில்லுக்காரர் மருமகனா என்று சொல்ல ஆள் வேண்டுமில்லையா?

உங்க அப்பா "ஐந்து லட்சம் எழுதும்" என்கிறார். எழுதலாம். ஆனால் அதில் எவ்வளவு அவருடைய பணம்? அதைப் பார்க்காமல் பந்தலுக்குக் கால் நடக்கூடாது.

2019 நோட்டை எடுங்கள். அதற்குப் பிறகு அப்பா மற்றவர்களுக்குச் செய்த நோட்டும் இருக்கும், இல்லாவிட்டால் தலையில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பேராகப் பாருங்கள். ஒருத்தர் உங்களுக்கு 1,000 எழுதினார். அவர் விருந்துக்கு அப்பா 1,500 எழுதினார். பழைய நடை ஆயிரம் முடிந்தது, புது நடை ஐந்நூறு. அந்த ஐந்நூறுதான் உங்கள் வரவு. அவர் இப்போது வந்து 1,000 எழுதினால், ஐந்நூறு உங்களுடையது, மீதி ஐந்நூறு உங்கள் அப்பா மேல் ஏறுகிற கடன். வட்டி இல்லாத கடன்தான், ஆனால் அது எப்போது கதவைத் தட்டும் என்று நாம் முடிவு செய்ய முடியாது. பத்திரிகை வரும், போயாக வேண்டும்.

அடுத்து, 2019-ல் எழுதினவர்களில் இன்னும் விருந்து வைக்காதவர்கள் யார்? அவர்களுக்கெல்லாம் நீங்கள் கொடுக்க வேண்டியது அப்படியே நிற்கிறது. கொரோனாவில் இரண்டு வருசம் விருந்து சரியாக நடக்காததால் இது எல்லார் வீட்டு நோட்டிலும் நிறையக் கிடக்கும். அவர்கள் உங்கள் விருந்துக்கு வந்து மறுபடி எழுதுவார்கள் என்று நம்பாதீர்கள். வந்து சாப்பிடுவார்கள், அது வேறு.

அப்புறம் செத்தவர்கள், திருப்பூருக்குப் போய்விட்டவர்கள், பங்காளிச் சண்டை. நான் பார்த்தவரை நூறு பேரில் பதினைந்து பேராவது இப்படி விழுந்துவிடும். கிடா, அரிசி, பந்தல், பத்திரிகை, சமையல் கூலி, எழுத்துக்கூலி எல்லாம் நான்கு பங்காகப் பிரித்தாலும் உங்கள் பங்குக்கு அறுபது எழுபதாயிரம் வரும். இப்போது கறி விற்கிற விலையில் இதைக் குறைக்க முடியாது.

என் கதையைச் சொல்கிறேன். 2010 ஆவணியில் விருந்து வைத்தேன். மூத்த மகளுக்கு அடுத்த தையில் கல்யாணம். வந்தது நான்கு லட்சத்துச் சொச்சம். சந்தோஷத்தில் மண்டபத்தையும் பெரிதாகப் பிடித்தேன், நகையையும் கூட்டினேன். ஒரு ரூபாய் மிச்சமில்லை. 2012 ஆடி பிறந்தது. ஒரே மாசத்தில் இருபத்து மூன்று பத்திரிகை. கடிகாரத்துக்குக் கீழே கம்பியில் குத்தி வைத்திருப்போம். காற்றடித்தால் அத்தனையும் படபடவென்று அடித்துக்கொள்ளும். என் வீட்டுக்காரி எழுந்து போய் ஃபேனை நிறுத்துவாள். புழுக்கத்தில் படுத்திருப்போம். அந்த ஆடியில் அவள் சங்கிலியை அடகு வைத்து மொய் எழுதினேன். மகளுக்கு நகை போட மொய் வாங்கினேன், மொய்யைத் திருப்ப மனைவி நகையை வைத்தேன். எழுத்துக்காரன் வீட்டுக் கணக்கே அப்படி.

விருந்து வைக்காதே என்று சொல்லவில்லை. வைக்காமல் விட்டால் கொடுத்தது வராது, அதுவும் நஷ்டம். அப்பாவுக்குச் சேரவேண்டிய புது நடையை மட்டும் கல்யாணக் கணக்கில் சேருங்கள். அதற்கு மேல் வருவதை அப்பா பேரில் பேங்கில் போட்டு, ஆடிக்கு ஆடி எடுத்துத் திருப்பட்டும். தம்பி தலையில் விழாது.

பதில்: திருச்சி ராணி

மொய் அண்ணன் சொன்னதுக்கு மேல் மொய் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. ஃபேன் விஷயத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

தங்கச்சி, எனக்கு அந்தக் காலண்டர் அட்டையில்தான் கோளாறு தெரிகிறது. ஆறு லட்சம் சேர்ப்பது எப்படி என்று எல்லாரும் சொல்கிறோம், அது ஏன் ஆறு லட்சம் என்று கேட்கவில்லை. போன வருடம் என் தங்கை கல்யாணத்தை நாங்கள் இரண்டரை லட்சத்தில் முடித்தோம், நகை தவிர. தேய்பிறை முகூர்த்தம், புதன்கிழமை. ஞாயிற்றுக்கிழமை வளர்பிறை முகூர்த்தத்துக்கு 90,000 சொன்ன அதே மண்டபம், 40,000-க்குக் கொடுத்தார்கள். கரண்ட்டும் கிளீனிங்கும் தனி, அதை முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நாங்கள் வாங்கவில்லை, கடைசியில் ஜெனரேட்டருக்கு ஏழாயிரம் தீட்டிவிட்டார்கள்.

தாலி கட்டியது கோயிலில், மண்டபத்தில் சாப்பாடு மட்டும். அதனால் மேடை அலங்காரம் என்று ஒரு முப்பதாயிரம் போகவில்லை. முதல் நாள் ராத்திரி டிபனையும் நிறுத்தினோம். அதில் கொஞ்சம் முகச்சுளிப்பு இருந்தது, மறைக்கவில்லை. சமையல்காரருக்கு இலைக்கு இவ்வளவு என்று பேசாமல், சாமான் நாங்கள் வாங்கிக் கொடுத்துக் கூலி மட்டும் பேசினோம். காய்கறியும் பூவும் காந்தி மார்க்கெட்டில் விடியற்காலை நாலு மணிக்கு. முதல் நாளே பூ விலை பேசி முன்பணம் கொடுத்துவிடுங்கள். முகூர்த்த நாள் காலையில் போய் நின்றால் மல்லிகை சொல்கிற விலைக்குப் பக்கத்தில் போக முடியாது.

மஞ்சள் தடவிய பத்திரிகை நூறு அடித்தோம், நேரில் போய் வைக்க வேண்டிய வீடுகளுக்கு மட்டும். மற்றவர்களுக்கு வாட்ஸப், கூடவே ஒரு போன். போன் முக்கியம். வாட்ஸப் மட்டும் அனுப்பினால் "எங்களைக் கூப்பிடவே இல்லை" என்பார்கள்.

அப்பா கொத்தனார் என்றீர்கள். கட்டடத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்து அட்டை வைத்திருக்கிறாரா? பிள்ளைகள் கல்யாணத்துக்கு உதவித்தொகை உண்டு. தாலிக்குத் தங்கம் திட்டத்தை யாராவது சொன்னால் அலையாதீர்கள், அதை 2022-லேயே பெண்கள் மேல்படிப்புக்கு மாதம் ஆயிரம் கொடுக்கிற புதுமைப்பெண் திட்டமாக மாற்றிவிட்டார்கள்.

பதில்: ஆலங்குடிப் பொண்ணு

எல்லாருக்கும் நன்றி. லீவு போட்டு ஊருக்கு வந்தேன். வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிட்ட பிறகு அப்பாவையும் தம்பியையும் உட்கார வைத்து நோட்டைப் பிரித்தோம். தம்பி பேர் வாசிக்க, அப்பா சொல்ல, நான் போனில் அடித்தேன். முடிக்கும்போது மணி ஒன்றரை.

2019-ல் மொத்தம் 231 பேர். அதில் 168 பேருக்கு அப்பா திருப்பிச் செய்துவிட்டார். அவர்கள் எழுதியது 2,48,000, அப்பா செய்தது 3,10,000. ஆக புது நடை 62,000. மீதி 63 பேருக்கு இன்னும் கொடுக்க வேண்டியது 92,000. வரவேண்டியதைவிடக் கொடுக்க வேண்டியது முப்பதாயிரம் அதிகம். அப்பா போனை வாங்கி இரண்டுமுறை பார்த்தார். "தளம் போட்ட காசு" என்று மட்டும் சொன்னார், அப்புறம் பேசவில்லை. 168 பேரில் பதினொரு பேர் இறந்துவிட்டார்கள். ஒவ்வொரு பேருக்கும் அப்பா, அவர் எப்படிப் போனார் என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த பேருக்குப் போனார், நேரம் ஆனதற்கு அதுவும் காரணம்.

விருந்து ஆடியில் உண்டு, சித்தப்பாவிடம் சொன்ன வார்த்தை இருக்கிறது. ஆனால் கல்யாணக் கணக்கில் மொய்யில் இருந்து அறுபதாயிரத்துக்கு மேல் எடுப்பதில்லை என்று அப்பா ஒத்துக்கொண்டார். விருந்துச் செலவுக்கு நம் பங்கையும், அந்த 92,000-க்கு உரியதையும் மேலே வருகிறதிலிருந்து தனியாக வைக்க வேண்டும். வட்டிக்கு வாங்குவதும் இல்லை. ஆர்.டி.யை மார்கழி முடிய கட்டி உடைத்துவிடுவேன். புது நகையாக அந்தச் சீட்டுத் தோடு மட்டும்.

காலண்டர் அட்டையில் அடித்து எழுதியதில் இப்போது 3,10,000-இல் நிற்கிறது. அம்மா சாப்பாட்டில் கைவைக்க விடமாட்டேன் என்கிறார், முதல் நாள் ராத்திரி டிபன் இருந்தே ஆக வேண்டுமாம். மாப்பிள்ளையிடம் நானே போனில் பேசினேன். தேய்பிறையில் தனக்கு ஒன்றுமில்லை, அவங்க அம்மாவிடம் அப்பாதான் கேட்க வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை அப்பா போகிறார்.

ராணி அக்கா, நலவாரிய அட்டை இருக்கிறது, புதுப்பிக்காமல் விட்டிருக்கிறார். அதற்குத் தம்பி திங்கட்கிழமை புதுக்கோட்டைக்குப் போகிறான். அஞ்சலக அண்ணா, நீங்கள் சொன்னது சரியாகப் போயிற்று. பி.எஃப்.-இல் என் இனிஷியல் முன்னால் இருக்கிறது, ஆதாரில் பின்னால் இருக்கிறது. கம்பெனியில் திருத்தக் கொடுத்திருக்கிறேன்.