சாட்சி நேரத்தில் சொல்ல எதுவும் இல்லாதவர்கள் என்ன செய்வது?

கடைசிவரிசை எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்த கேள்வி இது.

எங்கள் சபையில் மாதக் கடைசி ஆராதனையில் சாட்சி நேரம் உண்டு. ஒருவர் எழுந்து விசா கிடைத்தது என்பார், இன்னொருவர் டாக்டரே கைவிட்ட பிறகு கட்டி கரைந்துவிட்டது என்பார். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் வாழ்க்கையில் அப்படி ஒன்றுமே நடப்பதில்லை. வேலை போன மாதம் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய் வருகிறார்கள், நான் பிரஷர் மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிவிடுகிறேன். இதை மைக்கில் போய்ச் சொன்னால் யார் கைதட்டுவார்கள்?

இன்னொன்றும் உறுத்துகிறது. போன தடவை ஒரு பிரதர், தான் தவறவிட்ட வேன் விபத்தில் சிக்கியதைச் சொல்லி, "கர்த்தர் நல்லவர்" என்று முடித்தார். எல்லாரும் ஆமென் சொன்னோம். அந்த வேனைத் தவறவிடாமல் ஏறியவர்கள் வீட்டில் அன்றைக்கு என்ன சொல்லியிருப்பார்கள் என்ற நினைப்பு மட்டும் போகவே இல்லை.

தேவன் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. என் கேள்வி இரண்டுதான். ஒன்றும் நடக்காத சாதாரண நாளில் அவருடைய நன்மையை எப்படிக் கண்டுகொள்கிறீர்கள்? கண்டுகொண்ட பிறகு வாயால் ஸ்தோத்திரம் சொல்வதைத் தவிர என்ன செய்கிறீர்கள்? தயவுசெய்து "ரோமர் 8:28 வாசியுங்கள் பிரதர்" என்று மட்டும் பதில் போடாதீர்கள். தேவனை நேசிக்கிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும் என்கிற வசனம்தானே. வாசித்திருக்கிறேன், மனப்பாடமாகவே தெரியும்.

வழிப்போக்கன் எழுதியது:

பிரதர், அப்போஸ்தலர் 14-ஐ எடுத்துப் பாருங்கள். லீஸ்திராவில் பிறவியிலிருந்தே நடக்காத ஒருவனைப் பவுல் எழுந்து நிற்கச் சொல்கிறார், அவன் குதித்தெழுந்து நடக்கிறான், ஊரே திரண்டுவிட்டது, இவர்களைத் தேவர்கள் என்று நினைத்துக் காளைகளையும் மாலைகளையும் கொண்டுவந்து பலியிடப் பார்க்கிறார்கள். சாட்சி நேரத்துக்கு இதைவிட நல்ல சமயம் ஏது? ஆனால் அந்த இடத்தில் பவுல் அந்த அற்புதத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. தேவன் தம்மைக்குறித்துச் சாட்சி இல்லாமல் விட்டதில்லை என்று சொல்லி, அதற்கு ஆதாரமாக அவர் எடுத்துக்காட்டுவது (17-ஆம் வசனம்) மழையையும், செழிப்பான காலங்களையும், வயிறு நிறைவதையும், மனசு சந்தோஷப்படுவதையும்தான். வேதம் என்றால் என்ன என்றே தெரியாத ஜனங்களுக்கு முன்னால் இதைச் சொல்கிறார்.

அந்தப் பட்டியலில் உங்கள் மாதச் சம்பளமும் பிரஷர் மாத்திரையும் தாராளமாக வரும். ஒன்றும் நடக்கவில்லை என்று நீங்கள் சொல்வதுதான் அங்கே சாட்சி.

வேன் விஷயத்தில் உங்களுக்கு உறுத்துவது சரிதான். லூக்கா 18-ல் தன்னை நீதிமான் என்று நம்பின பரிசேயனுடைய ஜெபமும் "உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்றுதான் போகிறது, ஆனால் அவன் கண்ணெல்லாம் தூரத்தில் நிற்கிற ஆயக்காரன்மேல், அதாவது வரி வசூலிக்கிறவன்மேல். மற்றவர்களைப்போல் நான் இல்லை என்பதற்காக நன்றி சொல்கிறான். அதற்கு முந்தின அதிகாரத்தில் சுகமான பத்துக் குஷ்டரோகிகளில் ஒரு சமாரியன் மட்டும் திரும்பி வருகிறான். மற்ற ஒன்பது பேரோடு அவன் தன்னை ஒப்பிட்டுப் பார்த்ததாக ஒரு வரி கிடையாது, நேராக வந்து இயேசுவின் பாதத்தில் விழுகிறான். ஒன்பது பேர் எங்கே என்று கேட்பது இயேசுதான்.

அல்லி எழுதியது:

நான் கத்தோலிக்கர், இங்கே பெரும்பாலும் வாசிப்பதோடு சரி. புனித இஞ்ஞாசியார் 16-ஆம் நூற்றாண்டில் சொல்லிக்கொடுத்த ஆன்ம சோதனை முறை ஒன்று உண்டு, அன்றைய நாளை ஜெபத்தில் திரும்பிப் பார்ப்பது. அதில் ஐந்து படிகள், முதல் படியே நன்றி. அன்றைக்குச் செய்த தப்பைத் தேடுவதெல்லாம் அப்புறம்தான். நான் கவனித்தது, "இன்று என்ன அற்புதம் நடந்தது" என்று கேட்டால் மனசு வெறுமையாக இருக்கும், "காலையிலிருந்து என்னென்ன என் கைக்கு வந்தது" என்று மணி மணியாக நடந்து பார்த்தால் ஏதாவது தட்டுப்படும்.

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, நான்தான் பார்த்துக்கொள்கிறேன். உடுப்பு மாற்றும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும் என்று பிசியோதெரபி சிஸ்டர் சொல்லித் தந்தார். தினமும் அதே வேலை, அதே வரிசை. ஒருநாள் வலது கையை நுழைத்துவிட்டுச் சட்டையை முதுகுப் பக்கமாகச் சுற்றிக் கொண்டுவருவதற்குள் அம்மாவின் இடது கை தானாகவே நீண்டு காத்திருந்தது. அவ்வளவுதான். இதனால் அவருக்கு ஒன்றும் குணமாகிவிடவில்லை, டாக்டரிடம் சொன்னால்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஆனால் அன்று இரவு முதல் படியில் எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. ஆண்டவர் நல்லவர் என்று சொல்ல எனக்கு அது போதுமானதாக இருந்தது, ஏன் என்று கேட்டால் விளக்கத் தெரியாது.

நேர்பேச்சு எழுதியது:

சிஸ்டர், உங்கள் அம்மாவுக்காக ஜெபிக்கிறேன். ஆனால் இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது, யாராவது சொல்லியாக வேண்டும்.

இந்த "தினமும் நன்றி எழுது" விஷயம் சில சபைகளில் ஒரு கட்டாயமாகவே ஆகிவிட்டது. துக்க வீட்டுக்குப் போய், சவப்பெட்டி இன்னும் வீட்டைவிட்டுக் கிளம்பாத நேரத்தில், "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்று வசனம் சொன்ன ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். வசனம் சரி, நேரம்தான் தப்பு. அதே பவுல்தான் அழுகிறவர்களோடே அழச் சொன்னார். "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று 26 வசனத்திலும் திரும்பத் திரும்பச் சொல்கிற 136-ஆம் சங்கீதம் இருக்கிற அதே புத்தகத்தில்தான் 88-ஆம் சங்கீதமும் இருக்கிறது. கடைசி வரி வரைக்கும் இருட்டுதான், ஒரு நன்றியும் இல்லாமல் முடிகிறது. அதையும் ஜெபம் என்றுதான் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

ஆகவே கடைசிவரிசை பிரதர், ஒன்றும் தோன்றாத நாளில் தோன்றவில்லை என்றே அவரிடம் சொல்லுங்கள். வலிந்து தேடிப் பிடித்த நன்றி ரொம்ப நாள் தாங்காது.

கூடைக்காரி எழுதியது:

இரண்டாவது கேள்வியை எல்லாரும் விட்டுவிட்டீர்களே! எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

லேவியராகமம் என்றால் எல்லாரும் தாண்டிப் போய்விடுவோம். ஆனால் 7-ஆம் அதிகாரத்தில் ஒரு சின்னச் சட்டம் இருக்கிறது. பொருத்தனைக்காகவோ (நேர்ந்துகொண்டதற்காக) உற்சாகமாகவோ கொடுக்கிற பலியின் மாம்சத்தை மறுநாளும் சாப்பிடலாம். ஸ்தோத்திரபலி, அதாவது நன்றிக்காகக் கொடுக்கிற பலி என்றால் மட்டும் அன்றைக்கே தீர்க்க வேண்டும், விடியும்வரை ஒன்றும் மிச்சம் வைக்கக்கூடாது. காரணம் அங்கே சொல்லவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், ஆசாரியனுடைய பங்கு போக மீதி ஒரு முழு ஆட்டையோ மாட்டையோ ஒரு வீட்டார் மட்டும் ஒரே நாளில் தின்று தீர்க்க முடியுமா? ஆள் கூப்பிட்டே ஆகவேண்டும். கூப்பிட்டால் எதற்காக என்று கேட்பார்கள், கர்த்தர் செய்ததைச் சொல்லித்தான் பரிமாற வேண்டும். அவர்களுக்கு சாட்சி நேரம் அப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன், மைக் இல்லாமல், வந்தவன் வயிறும் நிறைந்து. உபாகமம் 26-லும் முதற்பலன் கூடையைக் கொண்டுவந்து வைத்தபிறகு லேவியனும் அந்நியனும் உன்னோடுகூடச் சந்தோஷப்பட வேண்டும் என்றுதான் போட்டிருக்கிறது.

ஆகவே நான் செய்வது இது. எனக்கு என்ன நன்மை வந்ததோ அதே வகையில் யாருக்குக் குறைவாக இருக்கிறது என்று பார்ப்பேன். வேலை நிலையாக இருக்கிறதா, வேலை தேடுகிற ஒருவருடைய பயோடேட்டாவை உட்கார்ந்து திருத்திக் கொடுப்பேன். பிள்ளை பாஸாகிவிட்டால் பெயிலான பிள்ளையின் அம்மாவுக்கு ஒரு போன், அறிவுரை சொல்ல அல்ல, சும்மா பேச. கடன் தீர்க்கிற கணக்கில் இதைச் செய்யக்கூடாது என்பதும் உண்டு. "கர்த்தருக்கு என்னத்தைச் செலுத்துவேன்" என்று 116-ஆம் சங்கீதக்காரன் கேட்டுவிட்டு, முதலில் சொல்வது இரட்சிப்பின் பாத்திரத்தை எடுத்துக்கொள்வேன் என்று. கொடுக்க வந்தவன் மறுபடியும் வாங்கிக்கொள்கிறான்! எனக்கு ரொம்பப் பிடித்த இடம் அது.

கடைசிவரிசை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. லீஸ்திராவைப் பலமுறை வாசித்திருக்கிறேன், பவுல் எதைச் சொல்லவில்லை என்று கவனித்ததே இல்லை. அல்லி சிஸ்டர், அந்தக் கை நீண்டதை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

ஒரு சந்தேகம் பாக்கி. அந்த வேன் பிரதரிடம் இதைப் பேசலாமா? அவர் நல்ல மனுஷர், மனசு நோகக்கூடாது.

நேர்பேச்சு எழுதியது:

லூக்கா 18-ஐத் தூக்கிக்கொண்டு மட்டும் போகாதீர்கள்! சாவுக்குத் தப்பின மனுஷன் நடுக்கத்தில் என்ன வாய்க்கு வந்ததோ அதைச் சொன்னார், பரிசேயன் என்று அவருக்குப் பெயர் வைக்க வேண்டாம். அந்த வேனில் போனவர்களைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று மட்டும் கேளுங்கள். அவருக்கும் அது உள்ளுக்குள் இருக்கும், கேட்க ஆள் இல்லாமல் இருந்திருக்கும்.

கூடைக்காரி எழுதியது:

ஆமாம், கேளுங்கள். யாராவது இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்தால் நீங்கள் இரண்டு பேருமாகவே போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

கடைசிவரிசை எழுதியது:

இரண்டு பேர் இன்னும் வார்டில் இருப்பதாகச் சொன்ன ஞாபகம். புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு அவர் வருவார், கேட்டுவிடுகிறேன்.