சுஸ்லானில் 1 லட்சம் போட்டிருந்தால் 43 லட்சம்: இந்தக் கணக்கை நம்பலாமா?

தோவாளைக்காரன்:
வணக்கம். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைகள் வரிசையாகத் தெரியும். சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்த காத்தாடிகள். போன வாரம் ஆபீஸில் ஒரு நண்பர் கணக்குப் போட்டுக் காட்டினார். 2020 மார்ச்சில், காற்றாலை செய்கிற சுஸ்லான் கம்பெனியின் பங்கு 2 ரூபாய்க்கும் கீழே கிடந்தது. 2 ரூபாய் என்றே வைத்தாலும் 1 லட்சத்துக்கு 50,000 பங்கு. 2024 செப்டம்பரில் விலை 86 வரை போனது. அப்படியென்றால் 43 லட்சம், நாலரை வருடத்தில்!

அன்றிலிருந்து மனசு அதையே சுற்றுகிறது. மகள் பிறந்து ஐந்து மாதம் ஆகிறது. கையில் 3 லட்சம் இருக்கிறது, 20 வருடம் தொட மாட்டேன். இப்படி ஏறி இறங்குகிற ஒரே கம்பெனியில் மொத்தத்தையும் போட்டுவிட்டுப் பொறுமையாக இருந்தால் என்ன?

பழைய தரகர்:
தம்பி, நண்பர் போட்ட கணக்கில் பிழை இல்லை. ஆனால் தொடங்குகிற தேதியை அவர் பொறுக்கி எடுத்திருக்கிறார். நான் வேறொரு தேதியிலிருந்து போட்டுக் காட்டுகிறேன்.

2005இல் நாகர்கோவிலில் ஒரு பங்குத் தரகர் அலுவலகத்தில் இருந்தேன். சுஸ்லான் முதன்முதலாகப் பொதுமக்களுக்குப் பங்கு விற்க வந்தபோது படிவம் நிரப்பிக் கொடுத்ததே நான்தான். பங்கு 510 ரூபாய். காற்றாலைக்கு நிலம் கொடுத்த பணத்தை அப்படியே கொண்டுவந்த பெரியவர்கள் உண்டு. "நம்ம ஊர்க் காத்துல ஓடுற கம்பெனிப்பா" என்பார்கள். அன்று யாருக்கும் கேட்ட அளவு பங்கு ஒதுக்கவில்லை. கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். 1 லட்சத்துக்கு 196 பங்கு. 2008இல் ஒவ்வொரு பங்கையும் ஐந்தாகப் பிரித்தார்கள், ஆக 980 பங்கு.

2008 ஜனவரியில் விலை 460 பக்கம். கையில் நாலரை லட்சம். அந்த வருடம் முடிவதற்குள்ளேயே 50க்குக் கீழே பார்த்தது. ஜெர்மனியின் ஆர்ஈபவர் என்ற காற்றாலைக் கம்பெனியைக் கடன் வாங்கி வாங்கியிருந்தார்கள், அமெரிக்காவில் இறக்கைகளில் விரிசல் வந்தது, உலகச் சந்தையும் சரிந்தது. 2012 அக்டோபரில் 20 கோடி டாலருக்கும் மேலான வெளிநாட்டுக் கடன் பத்திரத்துக்குப் பணம் கட்ட முடியாமல் போனது. 2020 மார்ச்சில் அந்த 980 பங்கின் மதிப்பு 2,000 ரூபாய்கூட இல்லை. நன்றாகக் கவனி. 1 லட்சம், 15 வருடத்தில் 2,000க்கும் கீழே.

அப்புறம் உன் நண்பர் சொன்ன 43 மடங்கு ஏற்றம். 980 பங்குக்கு 86 வீதம் 84,280 ரூபாய். 19 வருடம் கழித்தும் போட்ட முதல் வரவில்லை. 2022இல் 5 ரூபாய்க்கு உரிமைப் பங்கு, அதாவது ஏற்கெனவே பங்கு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் புதுப் பங்கு, கொடுத்தார்கள், 21 பங்குக்கு 5. அதையும் 1,165 ரூபாய் கட்டி வாங்கியிருந்தால் மொத்தம் 1,213 பங்கு, 1,04,000 சொச்சம். முதல் மட்டும் திரும்பியிருக்கும். ஆரம்பத்தில் லாபத்திலிருந்து வந்த டிவிடெண்ட் பணம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அதே 19 வருடத்தில் மும்பைச் சந்தையின் 30 பெரிய கம்பெனிகளை வைத்துக் கணக்கிடுகிற சென்செக்ஸ் குறியீடு 8,500இலிருந்து 85,000 ஆனது. வங்கி வைப்பில் 7 சதவீதம் கிடைத்திருந்தால்கூட மூன்றரை லட்சத்துக்கு மேல்.

99 சதவீதத்துக்கும் மேல் விழுந்த பங்கு 43 மடங்கு ஏறியும் பழைய உச்ச விலையில் ஐந்தில் ஒரு பாகத்தைக்கூடத் தொடவில்லை. இது புரியாமல் யாரும் ஒரே பங்கில் பணம் போடக் கூடாது என்பேன்.

கயல்:
எல்லாக் கம்பெனியும் இப்படி இல்லையே அண்ணா. இன்ஃபோசிஸ் 1993இல் 95 ரூபாய்க்கு வந்தது. 100 பங்குக்கு 9,500 ரூபாய். இலவசமாகக் கொடுத்த போனஸ் பங்குகளும் பங்குப் பிரிப்பும் சேர்ந்து 2018க்குள் அது 1,02,400 பங்காகிவிட்டது. பங்கு 1,500 என்று வைத்தாலே 15 கோடி.

ஆனால் எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். அப்பாவிடம் அந்த 100 பங்கு இருந்தது. 1997 போனஸோடு 400 ஆனது. அடுத்த வருடமே அக்கா கல்யாணத்துக்கு அத்தனையும் விற்றார். மண்டபம், நகை, சாப்பாடு எல்லாம் அதில்தான். அவரை நான் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. 20 வருடத்தில் வீட்டில் என்னென்ன வரும் என்பது எந்தக் கணக்கிலும் இல்லை. அப்படியே விற்காமல் வைத்திருந்தாலும் 2003 ஏப்ரலில் ஒரே நாளில் கால்வாசிக்கு மேல் விழுந்தது. அன்று அப்பா தாங்கியிருப்பாரா, தெரியாது.

பழைய தரகர்:
கயல் சொல்வது சரி. தம்பி, ஒரு காரியம் செய். ஒரு தாளில் சுஸ்லானின் ஒவ்வொரு வருடக் கடைசி விலையையும் 980ஆல் பெருக்கி எழுது. கம்பெனிப் பெயர் வேண்டாம். கீழே உள்ள வருடங்களை அட்டையால் மூடிவிட்டு, ஒவ்வொன்றாக வீட்டில் காட்டு. அந்தந்த வருடச் செய்தியையும் சொல். எந்த வருடத்தில் விற்கச் சொல்கிறார்கள் என்று பார்.

தோவாளைக்காரன்:
நேற்று ராத்திரி பாப்பா தூங்கியதும் மனைவியிடம் காட்டினேன். 2007 கடைசியில், "இன்னும் கொஞ்சம் வாங்கலாமே" என்றாள். 2008இல் பேசாமல் இருந்தாள். 2012க்கு வந்து, கடனுக்குப் பணம் கட்டவில்லை என்ற செய்தியைச் சொன்னதும், "இதுக்கு மேல என்னங்க பாக்கறது, வித்துடுங்க" என்றாள். விலை அப்போது 20க்கும் கீழே. உண்மையைச் சொன்னால் நானும் அங்கேதான் விற்றிருப்பேன்.

பழைய தரகர்:
அவங்க சொன்னதில் தப்பே இல்லை. அன்றைக்குக் கையில் இருந்த செய்திக்கு அதுதான் சரியான முடிவு. 2008 ஜனவரியில் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் என்ற செல்போன் சேவைக் கம்பெனியின் பங்கு 800 ரூபாய்க்கு மேல் போனது. 2020 மார்ச்சில் அதுவும் 1 ரூபாய்க்கும் கீழே கிடந்தது. அது திரும்பி எழவில்லை. அன்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவனுக்கு எது எழும் என்று சொல்லத் தெரிந்திருக்காது. உன் நண்பர் அந்த இன்னொன்றுக்குக் கணக்குப் போட்டுக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

பாப்பாவின் பணத்தை, குறியீட்டில் உள்ள எல்லாக் கம்பெனிகளிலும் பிரித்துப் போடுகிற இன்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் போடு. காத்தாடி மேல் ஆசை இருந்தால் அதற்கென்று 15,000 தனியாக வை. அது 300 ரூபாயாகக் குறைந்தாலும் வீட்டில் அடுப்பு எரியும்.