ரெமார்க்: நாடிழந்தவரா, நாடிழந்தவர்களை வேடிக்கை பார்த்தவரா?

ஓலைக்குடை:
எழுத்தாளர் எரிக் மரியா ரெமார்க்கின் ஜெர்மன் குடியுரிமையை நாஜி அரசு 1938-ல் பறித்தது. அதுக்கப்புறம் வந்த நாவல்கள்ல கதையை நகர்த்துறது பெரும்பாலும் காகிதம்தான். 'ஃப்ளோட்ஸம்'ல பாஸ்போர்ட் இல்லாதவங்களை ஒரு நாட்டுப் போலீஸ் ராத்திரியில எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளும், அந்த நாட்டுப் போலீஸ் மறுபடி இந்தப் பக்கம் தள்ளும். 'தி நைட் இன் லிஸ்பன்'ல செத்தவர் பாஸ்போர்ட் கைமாறிக்கிட்டே போகுது; வாங்குறவன் பேரையும் சேர்த்து வாங்கிக்கணும். நாடிழந்தவனுக்கு மட்டும்தான் இது தோணும்.

கறார்காரன்:
"மட்டும்தான்" ரொம்ப ஓவர் சார். 1931-லயே சுவிட்சர்லாந்துல ஏரிக்கரை வீடு வாங்கினவர். செஸான் ஓவியம் சேர்த்தவர். 1939-ல் அமெரிக்கா போனார், 1947-ல் அந்த நாட்டுக் குடிமகன். எந்தப் போலீஸ் அவரைத் தள்ளிச்சு? தவிர, அவரோட போர் நாவல் 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரன்ட்'ல லீவுல வர்ற சிப்பாய் பால் தன் சொந்த அறையிலேயே அன்னியனா நிக்கிறான். அது புத்தகமா வந்தது 1929-ல். குடியுரிமை போக இன்னும் ஒன்பது வருஷம்!

ஓலைக்குடை:
பால் நல்ல பிடி, ஒத்துக்கிறேன். ஆனா அங்க வீடு அப்படியே இருக்கு, மாறினது அவன். 'ஆர்ச் ஆஃப் ட்ரையம்ப்' ராவிக் கதை தலைகீழ். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த சர்ஜன், கை கொஞ்சமும் மாறலை. பாரிஸ்ல தொழில் பண்ண உரிமம் இல்ல, அதனால நோயாளி மயங்கினப்புறம் உள்ள வந்து, வேற டாக்டர் பேர்ல ஆபரேஷன் பண்ணிட்டு, முழிக்கிறதுக்குள்ள போயிடறான். 1929 ரெமார்க்கால இதை எழுதியிருக்க முடியாது.

மழைக்கால வாசகி:
ரெண்டு பேரும் ரெமார்க்கோட தங்கச்சியை மறந்துட்டீங்களே. எல்ஃப்ரீட, ட்ரெஸ்டன்ல தையல்காரி. போர்ல தோத்துட்டோம்னு சொன்னதுக்காக 1943 டிசம்பர்ல நாஜிகள் தலையை வெட்டினாங்க. அண்ணனுக்குப் போருக்கு அப்புறம்தான் தெரியும். 1952-ல் 'ஸ்பார்க் ஆஃப் லைஃப்', தான் கண்ணால பார்க்காத வதைமுகாமைப் பத்தி எழுதி அவளுக்குச் சமர்ப்பணம் பண்ணினார். பாஸ்போர்ட்டை விட இந்தச் சாவுதான் பின்னாடி எழுதினதை அழுத்துதுன்னு எனக்குப் படுது.

கறார்காரன்:
அம்மா, இதுக்கு என்கிட்ட எதிர்வாதம் இல்ல. வசதியா தப்பிச்சவர்னு நான் சொன்னதையே நீங்க வேற பக்கம் திருப்பிட்டீங்க. இப்ப லிஸ்பன் நாவலை யோசிச்சா, ரெமார்க்கை அதுல கதை சொல்ற ஷ்வார்ட்ஸ் கிட்ட தேடினது தப்பு. கதை கேட்கிற இன்னொருத்தன் இருக்கான்ல? கப்பல் டிக்கெட் சும்மா கிடைக்குது; விடியற வரைக்கும் உட்கார்ந்து அடுத்தவன் கதையைக் கேட்கணும், அதுதான் விலை. அவன்தான் ரெமார்க்.