கொக்குவில் வீட்டு வாடகை: எங்கட குடும்பக் குழு

சின்னக்கா (கொக்குவில்): இண்டைக்கும் எங்கட வீட்டில வாடகைக்கு இருக்கிறவையிட்டப் போய்க் காசு கேட்டனான். பங்குனிக்குப் பிறகு ஒரு சதமும் தரேல்ல, கரண்டுக்கு சிவப்பு பில்லும் வந்து கேற்றில சொருகிக் கிடக்கு

தம்பி (லண்டன்): பொறுத்தது காணும் அக்கா. மோட்டர் லைனைக் கழட்டி விடுங்கோ, தண்ணி இல்லாட்டித் தானா எழும்புவினம்

பெரியண்ணா (கனடா): இல்லாட்டி அவை கோயிலுக்குப் போற நேரம் புதுப் பூட்டைப் போடு. எங்கட வீடுதானே, ஆரைக் கேக்கோணும்

மாமா (நல்லூர்): ரெண்டு பேரும் சும்மா இருங்கோடா. கோட்ஸில வேலை செய்தவன் சொல்லுறன். பூட்டினா அவை ரெண்டு மாசத்துக்குள்ள 66ஆம் பிரிவில வழக்கு வைப்பினம், 1979ஆம் ஆண்டு முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டம் அது, அங்க வாடகை நிலுவையைப் பாக்கமாட்டினம் பலவந்தமா வெளியேத்தினதோ எண்டுதான் பாப்பினம், திரும்பக் கொண்டுவந்து இருத்தச் சொல்லி நீதவான் கட்டளை போட்டா என்ன செய்வியள்

தம்பி (லண்டன்): குத்தகைக்குக் குடுத்த வீட்டைத் திரும்ப எடுக்க 2023ல புதுச்சட்டம் ஒண்டு வந்ததெல்லோ மாமா

மாமா (நல்லூர்): வந்தது. நொத்தாரிசு எழுதின குத்தகைக்குத்தான் அது. மூத்தவன் வாய்ப்பேச்சில திறப்பைக் குடுத்தவன். எங்களுக்கு நோட்டீசும் மாவட்ட நீதிமன்றமும்தான், அது வருசக்கணக்கில இழுபடும்

சின்னக்கா (கொக்குவில்): அந்த வீட்டு மனுசன் வேலையில கட்டடச் சாரத்தால விழுந்து இடுப்பு ஏலாமக் கிடக்கு. மேசன் வேலை இல்லை. மூத்த பெட்டை ஓ.எல் சோதினை எடுக்கப்போகுது, விறாந்தையில பாஸ்ட் பேப்பர் செய்துகொண்டிருந்தவள் என்னைக் கண்டவுடன கொப்பியைப் பொத்திக்கொண்டு உள்ள போயிட்டாள். சோதினை மட்டும் முடியட்டும் அக்கா எண்டு தாய் அழுகிறா. எனக்கு வாடகையைப் பற்றிக் கதைக்க வாய் வரேல்ல

பெரியண்ணா (கனடா): பாவம்தான். ஆனா அந்தக் காசு அம்மாவின்ர மருந்துக்கு. கிளினிக்கில இல்லாத குளிசையெல்லாம் வெளியில காசுக்குத்தானே வாங்கிறம்

மாமா (நல்லூர்): ரெண்டையும் பாப்பம். முதல்ல லோயரைக் கொண்டு நோட்டீஸ், பதிவுத் தபால்ல. பிறகு மத்தியஸ்த சபையில வைச்சு, சோதினை முடிய வீட்டை விடுறம், நிலுவையை மாசம் மாசம் கட்டுறம் எண்டு எழுதி ஒப்பம் வாங்குவம். பிள்ளை, நோட்டீஸ் போனாப் பிறகு காசு தந்தா ரசீதில வாடகை எண்டு எழுதிப்போடாத. நட்டஈடு எண்டு எழுது. வாடகை எண்டு வாங்கினா நோட்டீஸை நாங்களே கைவிட்ட மாதிரிப் போயிடும்

சின்னக்கா (கொக்குவில்): சரி மாமா. நாளைக்கு லோயரிட்டப் போறன். வீட்டு உறுதியின்ர கொப்பி ஆரிட்டக் கிடக்கு

பெரியண்ணா (கனடா): என்னட்ட இருக்கு, இப்பவே போடுறன். தம்பி, மோட்டர்ல ஒருத்தரும் கை வைக்கக் கூடாது

தம்பி (லண்டன்): ஓம் அண்ணா. லோயர் காசு நான் அனுப்புறன்