மன்றத்துப் பணம் தையோடு தீர்ந்துபோன வருடம்

திருவாரூர் பக்கத்து உறுப்பினர்:

எங்கள் ஊர் இளைஞர் நற்பணி மன்றத்தில் நான்கு வருடம் பொருளாளராக இருந்தேன். முதல் வருடம் நடந்ததைச் சொல்கிறேன்.

பொங்கல் விழா மூன்று நாளும் பிரமாதமாக நடந்தது. கபடி, உறியடி, கோலப்போட்டி என்று எதற்கும் குறைவில்லை. மொத்த வசூல் 62,000 ரூபாய், செலவு 71,400. துண்டு விழுந்த 9,400 ரூபாயை ஒரு அண்ணனிடம் கைமாத்தாக வாங்கி அடைத்தோம்.

பிப்ரவரியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேர் வந்தார்கள். மன்றக் கட்டடத்தில் ராத்திரி உட்கார்ந்து படிக்க இரண்டு டியூப் லைட் மாட்டித் தர முடியுமா என்று கேட்டார்கள். கையில் பைசா இல்லை. அன்று வீட்டுக்குப் போய் வரவு செலவு நோட்டைப் பிரித்தேன். மைக் செட்டும் சீரியல் லைட்டும் 24,000, பரிசு 16,500, பந்தல் 12,000, சாப்பாடு 9,000, ஃப்ளெக்ஸ் 6,000, சில்லறைச் செலவு 3,900. எல்லாம் என் கையெழுத்துதான். மூன்று நாள் வெளிச்சத்துக்கு அத்தனை கொடுத்துவிட்டு, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு விளக்கு இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அது இன்னும் உறுத்துகிறது.

அடுத்த கணக்கைச் சித்திரையிலேயே போட்டோம். படிப்புக்கு 12,000 ரூபாயை முதலில் தனியாக எடுத்துவைப்பது, மிச்சத்தில்தான் பொங்கல் என்று முடிவு. பெரிய சண்டையே வந்தது. பக்கத்து ஊரில் மைக் செட் அலறும்போது நம் ஊர் அமைதியாக இருந்தால் மானம் போய்விடும் என்றார்கள். இரண்டு பாக்ஸோடு நிறுத்திக்கொண்டோம். யாருடைய மானமும் போகவில்லை.

இன்னொன்று, வசூல். டெல்டாவில் பெரும்பாலும் சம்பா அறுப்பு முடிவதற்குள் பொங்கல் வந்துவிடும். வீட்டில் காசு இல்லாத நேரத்தில் ரசீது புத்தகத்தோடு போய் நிற்பது தப்பு. பாதியைத் தையில் வாங்கி, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டுப் பணம் வந்த பிறகு மீதிக்குப் போனோம். முகம் சுளிக்காமல் கொடுத்தார்கள்.

ராமநாதபுரம் பக்கத்து உறுப்பினர்:

அண்ணே, எங்களுக்கு மரக்கன்றில் இதே பாடம். வருடா வருடம் ஜூன் 5 சுற்றுச்சூழல் தினத்தன்று நூறு கன்று நடுவோம். எங்கள் சீமையில் மழை ஐப்பசியில்தான். டேங்கர் தண்ணீர் ஒரு நடை 600 ரூபாய். ஆடிக் காற்றுக்குள் பணமும் தீரும், கன்றும் கருகும். இப்போது அக்டோபர் 2 அன்று நாற்பதுதான் நடுகிறோம். ஆடு கடிக்காமலிருக்க கருவை முள்ளை வெட்டி வளைத்துவிடுவோம், வேலிக்குச் செலவே இல்லை. போன முறை நட்டதில் முப்பத்தொன்று நிற்கிறது.

மதுரை பக்கத்து உறுப்பினர்:

அண்ணா, உங்கள் நோட்டில் பரிசு 16,500 என்றிருக்கிறதே, அதில் கோலப்போட்டிக்கு எவ்வளவு? எங்கள் ஊரில் கபடிக்கு முதல் பரிசு 5,000 ரூபாயும் ஷீல்டும், கோலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் டப்பா. மன்றக் கூட்டம் ராத்திரி ஒன்பது மணிக்கு டீக்கடை வாசலில் நடக்கும். பெண்கள் நாங்கள் எப்படிப் போவது? கேட்டுக் கேட்டு ஞாயிறு மதியம் பள்ளிக்கூடத் திண்ணைக்கு மாற்றினோம். முதல் கூட்டத்துக்குப் பதினோரு பெண்கள் வந்தோம். அந்த வருடம்தான் பெண்பிள்ளைகளுக்கு இரண்டு கேரம் போர்டும் ஷட்டில் நெட்டும் கணக்கில் ஏறின.

திருவாரூர் பக்கத்து உறுப்பினர்:

நோட்டை எடுத்துப் பார்த்தேன் தங்கச்சி. கோலத்துக்கு 900 ரூபாய், மூன்று எவர்சில்வர் தட்டு. வருகிற ஞாயிறு எங்கள் கூட்டம். நேரத்தை மதியத்துக்கு மாற்றச் சொல்லி இப்போதே தலைவருக்குப் போன் போடுகிறேன்.